கலோ தனியாகத் தூக்கினாள்

என் பெயர் செய்னி வைனிகோலோ, வயது 47, கணவர் பெயர் சமுவேலா. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் மில்டுராவில் வசிக்கிறேன். இங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றில் ஒன்பது வருடமாகப் பகல் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வாளரிடம் இதை நானாக வந்து சொல்கிறேன்.

நடக்க முடியாதவர்களை மெஷின் வைத்து, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். மெஷின் வாங்கித் தருவது நிர்வாகத்தின் கடமை, பயன்படுத்துவது எங்கள் கடமை என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். இருப்பதோ ஒரே மெஷின், அதுவும் மறு கட்டடத்தில். இன்னொன்று வேண்டும் என்று மேலாளரிடம் இரண்டு தடவை கேட்டேன். அதன் பின் கேட்கவில்லை, எங்களிடம் கலோ இருந்தாள்.

கலோ என் ஷிப்டில் பராமரிப்பு வேலை செய்பவள். அவளும் என்னைப் போல் டோங்கா தீவுக்காரி, வயது 29, ஆறடி உயரம். கனமான ஆள் என்றால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "எங்கடி நம்ம கிரேன்?" என்று நானே கிண்டல் செய்வேன். அவளும் சிரித்துக்கொண்டே வருவாள்.

மார்ச் 11 செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, 112 கிலோ எடையுள்ள திரு. பிரிட்சர்டை நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கலோ, "அக்கா, ஒரு வாரமா இடுப்பு பிடிச்சிருக்கு. மெஷின எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். நான், "அது வந்து சேர்றதுக்குள்ள அவரோட கஞ்சி ஆறிடும். சர்ச் விருந்துல முழுப் பன்னியத் தூக்குறவளுக்கு இதெல்லாம் ஒரு எடையாடி?" என்றேன். அதன் பின் அவள் தனியாகத் தூக்கினாள். பாதியில் அவள் முகம் வெளுத்துவிட்டது. அவரைக் கீழே போடாமல் உட்கார வைத்துவிட்டுத்தான் தரையில் சரிந்தாள். அதன் பின் ஆம்புலன்ஸ் வந்தது. அதன் பின் நான், யாரை எப்படித் தூக்கினோம் என்று குறிக்கும் பதிவுத் தாளில் வழக்கம்போல "மெஷின், இருவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளைக் காட்டித்தான் அவளுக்கு நஷ்டஈடு இல்லை என்கிறார்கள். சர்ச்சில் பன்றி தூக்கி இடுப்பு போயிருக்கும் என்கிறார் மேலாளர். அந்தப் பேச்சு என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போனதுதான். இப்போது கலோவால் தன் இரண்டு வயது மகளைத் தூக்க முடியவில்லை.

நேற்று அவளுடைய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "செய்னி அக்கா மெஷின் கொண்டு வரச் சொன்னார், நான்தான் சோம்பல்பட்டுக் கையால் தூக்கினேன்" என்று அதில் இருக்கிறது. ஐயோ, அது பொய். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவள் மெஷின் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னது நான். என் வேலை போனால் போகட்டும்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. பதிவுத் தாளில் இருப்பதும் இதே கையெழுத்துதான்.

(ஒப்பம்) செய்னி வைனிகோலோ