அக்காவின் அடிகள்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் நன்றி. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், மேடம். நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதப் போகிறேன் என்றபோது, சிரிக்காத ஒரே ஆள் அக்காதான். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "நீ எழுதுடி, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வெளியிலிருந்து எழுதி அனுப்புகிறவளின் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மாடித் தோட்டம் பற்றி எழுதினேன். முழங்கால் வலி பற்றி எழுதினேன். குழந்தையைத் தூங்கவைப்பது எப்படி என்றுகூட எழுதினேன், குழந்தையே இல்லாமல். எல்லாம் கிணற்றில் போட்ட கல். வேண்டாம் என்று சொன்னால்கூட மனசு ஆறும்; பதிலே வராது. போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, "பாக்கறோம்" என்பாள். கடையில் தொங்கும் இதழைப் புரட்டினால், நான் அனுப்பிய அதே விஷயத்தை வேறு யாரோ என்னைவிட மோசமாக எழுதியிருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

கடைசியில் ஒரு வார இதழின் ஆசிரியர் நேரில் வரச் சொன்னார். என் தாள்களை விரல் நுனியால் என் பக்கமே தள்ளினார்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆனா சவசவன்னு இருக்கு. உங்க வீட்ல எதுவுமே நடக்காதா?"

நடந்தது. மருந்துக்கடை ஏணியிலிருந்து அக்கா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இந்தத் தடவை ஆசிரியரே கூப்பிட்டார். வாராவாரம் வேண்டும் என்றார். 'அக்காவின் அடிகள்' என்று தலைப்பும் அவரே வைத்தார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கு அவள் வைத்த பெயர் இரும்புக்கை. அவரைப் பிடித்து உட்காரவைத்து, இதழ் வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். "நீங்க காலை முறுக்கறப்ப நான் கத்தினேனே, அதைக்கூட எவ்வளவு அழகா எழுதியிருக்கா பாருங்க!" வாசகர்கள் அவள் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். "பாக்கறோம்" என்ற அதே பெண் இப்போது, "எப்ப அனுப்பறீங்க மேடம்?" என்றாள்.

சிக்கல் என்னவென்றால், அக்கா தேறிக்கொண்டே வந்தாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாக்கரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனாள், வெங்காயம் நறுக்கினாள், டீவி பார்த்தாள் என்று எழுதினால் யார் படிப்பார்கள்? ஆசிரியர் சொல்லியே விட்டார்.

"அக்கா நடந்துட்டாங்கன்னா முடிச்சுக்கலாம்மா. படிக்கறவங்களுக்கும் ஒரு நிறைவா இருக்கும்."

"அதுக்கப்புறம் நான் என்ன சார் எழுதறது?"

"அனுப்புங்க, பாக்கறோம்."

அந்த ஒரு சொல்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாக்கரின் கால்களில், வழுக்காமல் இருக்க ரப்பர் மாட்டியிருக்கும். துடைக்கும்போது ஒன்று தேய்ந்து, கழன்றுகொள்ளத் தயாராக இருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை. கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டா இருக்கிறோம்? அந்த வாரமே குளியலறை வாசலில் வழுக்கினாள். முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம். பயந்துபோய்ப் பழையபடி கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியரின் மனைவியே அழுதாராம்.

இரும்புக்கை புது ரப்பர் வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். கெஞ்சிக் கூத்தாடி அக்காவை எழுப்பி நிற்கவைத்தார். ஆசிரியர் மறுபடியும் நிறைவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அன்று காலையில் அவள் எழுந்திருக்கும் முன்னால் அந்த ரப்பரைக் கழற்றினேன். நன்றாகத்தான் மாட்டியிருந்தார்; கத்தியை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றினேன். அவள் எழுந்ததும், கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசல் கதவைச் சத்தமாகச் சாத்தினேன். வெளியே போகவில்லை. போன தடவை மாதிரி ஒரு சிராய்ப்பு, கொஞ்சம் வீக்கம், அதுதான் என் கணக்கு. வாஷ்பேசின் விளிம்பில் தலை மோதும் என்று நான் நினைக்கவே இல்லை.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராமே. இருக்கலாம். ஆனால் முதல் தடவை நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். அப்புறம் எழுத உட்கார்ந்தால், விழுந்ததும் அவள் என்ன சொன்னாள், முகம் எப்படி இருந்தது, எதுவுமே ஞாபகமில்லை. இட்டுக்கட்டித்தான் எழுதினேன். அந்தக் குறை இந்தத் தடவையும் வரக்கூடாது என்றிருந்தது.

நான் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். முதலில் என் பெயர். பிறகு அம்மா. பிறகு எழுத்தில் வராத ஒரு சத்தம். கதவோரம் நின்று முழுவதும் கேட்டேன்.

வாக்கரைத் திருப்பிப் பார்த்து, "நான்தானே மாட்டினேன், இது தானா கழலாதே" என்று உங்களிடம் வந்தவர் இரும்புக்கைதான் என்று தெரியும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டுரையும் வெளியாகிவிட்டது, ஒரு வரிகூட வெட்டாமல்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தத் தாளில் கவனக்குறைவு என்று ஏதோ எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் அக்காவை என்னைப்போல் யாரும் கவனித்திருக்க முடியாது, மேடம்.