இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் தாழ்ப்பாள்

உங்கள் நிலையத்துக் காப்பி எங்கள் வீட்டுக் காப்பியைவிட நன்றாக இருக்கிறது, ஆய்வாளர் அம்மா. என் மனைவி ஹெல்விக்கு இது தெரிய வேண்டாம். முப்பத்தொரு வருடமாக அவள் போட்டுக் கொடுத்ததைக் குறை சொல்லாமல் குடித்து வருகிறேன்.

எங்கள் சௌனாக் கதவின் வெளிப்பக்கம் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவே, அவை என்ன என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஊருக்கெல்லாம் இந்த மர நீராவிக் குளியலறைகளைக் கட்டிக் கொடுக்கும் தச்சன் தன் வீட்டுக் கதவை அப்படி ஓட்டையாக விட்டிருக்கக் கூடாது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம் என்றுதான் இருந்தேன். சோம்பல்.

எல்லாம் அந்தப் பேய் நாவலால் வந்தது. 'மூன்றாம் ஆவி'. இலையுதிர் காலத்தில் இந்த ஊரில் அதைப் படிக்காமல் இருந்தவை நாயும் பூனையும்தான். "தனியாகப் படிக்காதீர்கள்" என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ரொட்டிக் கடைக்காரி மூன்று நாள் அக்காவோடு படுத்துக்கொண்டாளாம். எனக்கும் பயப்பட ஆசை. அறுபத்து நாலு வயதில் பல் வைத்தியரை விட்டால் பயப்பட வேறு யார் இருக்கிறார்கள்? நூலகத்தில் நாற்பத்தேழாவது ஆளாகப் பெயர் கொடுத்துக் காத்திருந்து வாங்கினேன்.

இருநூறு பக்கம் பொறுத்துக்கொண்டேன். பனி பெய்கிறது, காகம் கத்துகிறது, பேயை மட்டும் காணோம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதாநாயகி சௌனாவுக்குள் போகிறாள். வெளியிலிருந்து யாரோ தாழ்ப்பாள் போடுகிறார்கள்.

தாழ்ப்பாள், அம்மா. சௌனாக் கதவில்.

நீங்கள் பின்லாந்தில் பிறந்தவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டும் கிடையாது, தாழும் கிடையாது. சூட்டில் மயங்கி அதன்மேல் சாய்ந்தாலே வெளிப்பக்கம் திறந்துகொள்ள வேண்டும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்ட பிறகு எங்கே பயப்படுவது? இத்தனை நாள் காத்திருந்து இதற்கா என்று எரிச்சலாக இருந்தது.

ஆனால் எனக்குப் பிறகு அதை எடுத்துப் படித்த ஹெல்வி பயந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சேர்ந்தே சௌனாவில் உட்காருவோம். நான் கல்லில் தண்ணீர் ஊற்றுவேன், அவள் போதும் என்பாள், நான் இன்னொரு கரண்டி ஊற்றுவேன். எங்கள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் புத்தகத்துக்குப் பிறகு அவள் வரவில்லை.

"நம்ம கதவுல தாழ்ப்பா இல்லைடி," என்றேன்.

"இல்லைன்னு தெரியும். இருந்தாலும் கால் வரமாட்டேங்குது, என்ன பண்ணச் சொல்றீங்க?"

ஏழு சனிக்கிழமை தனியாக உட்கார்ந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

எழுத்தாளர் இலாரி சார்னிஸ்டோ நூலகத்துக்குப் பேச வந்தபோது எழுந்து நின்று கேட்டேன். ஹெல்சிங்கியில் பத்தாவது மாடியில் வாழ்கிற மனிதர், கழுத்தில் பட்டுத்துண்டு. "பெரியவரே, தாழ்ப்பாள் இல்லாட்டி என்ன? என் பேய் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து மாட்டிக்கிச்சு," என்றார். கூடம் சிரித்தது. நானும் மரியாதைக்குச் சிரித்தேன். பிறகு தனியாகப் பிடித்து, வீட்டுக்குச் சௌனாவுக்கு வாருங்கள், தாழ்ப்பாள் என்று எழுதியது தப்பு என்று என் மனைவியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். சௌனாவுக்கு அழைத்தால் நம் ஆட்கள் யார் மறுப்பார்கள்?

அவர் வருவதற்கு முன்பே தாழ்ப்பாளை மாட்டி வைத்திருந்தேன். புத்தகத்தில் உள்ளபடியே: ஒரு சாண் இரும்பு, நான்கு திருகு. எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று அவருக்குக் காட்ட, அவ்வளவுதான்.

காப்பி குடிக்கும்போது, சௌனாக் கதவுக்கு நிஜமாகவே தாழ்ப்பாள் உண்டா என்று ஹெல்வி அவரிடம் கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைச் சிமிட்டி, "தாழ்ப்பா இருக்கா இல்லையான்னு வெளிய நிக்கிறவனுக்குத்தாங்க தெரியும்," என்றார். ஹெல்வி முகம் வெளுத்துப்போய்த் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் விறகு கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். நூற்றுப் பத்து டிகிரி. சார்னிஸ்டோ உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இருபத்திரண்டு பக்கம்.

முதலில் சிரித்தார். "விளையாட்டு போதும் பெரியவரே, தொறங்க."

"இன்னும் பதினெட்டுப் பக்கம் இருக்கு," என்றேன்.

நான் எதையும் விட்டுவிட்டுப் படிக்கவில்லை. ஒருவருடைய எழுத்தைப் பாதியில் தாண்டுவது அவமரியாதை. ஆனால் மனிதர் வர்ணனையைத் தாராளமாக அள்ளிப் போட்டிருந்தார். அதே சூட்டில் கதாநாயகி கதவைத் தட்டுவதை மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தார். அவர் தட்டியது இரண்டு பக்கம்கூட வரவில்லை. இதுவும் பிழை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். நூலகப் புத்தகத்தில் கிறுக்கியது குற்றம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அத்தியாயம் முடிந்ததும் திறந்தேன். அவர் கொஞ்சம் சுருக்கமாக எழுதுகிறவராக இருந்திருந்தால் பிழைத்திருப்பார். வைத்தியர் வந்து பார்த்தார், சார்னிஸ்டோ காலி செய்திருந்த பீர் பாட்டில்களைப் பார்த்தார், இதயம் என்று எழுதிக்கொண்டு போனார். அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தாழ்ப்பாள் அவருடைய யோசனை, என்னுடையதல்ல. நான் கட்டிய சௌனாவில் இதுவரை யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அதையும் எழுதுங்கள்.

துளைகளைப் பார்த்துவிட்டு உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது ஹெல்வி என்கிறீர்கள். இருக்கட்டும். அவளுக்குக் கோபமில்லை, பயம்தான். வைத்தியர் வருவதற்குள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை இதமாகச் சூடேற்றி, உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தை நனைத்து வைத்து, "வா, தாழ்ப்பா இல்லை, நீயே தடவிப் பாரு," என்று கூப்பிட்டேன். கதவைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோட்டைக்கூட எடுக்காமல் பனியில் ஓடிவிட்டாள்.

ஒரு மட்டமான புத்தகம் ஒரு பெண்ணை இந்த அளவுக்குப் பயமுறுத்திவிடும் என்று நான் நினைக்கவே இல்லை.