கமருன்னிஸா கட்டிய கறி டின்

— குடியே தொடாத ஒங்களுக்கு ஈரல்ல கேன்சரா மச்சான்? எனக்கு இன்னும் மனசு ஒப்பல.

— மெதுவாப் பேசு ஹாஜா. பஸ்ஸுல நம்ம ஊரு ஆளுங்க இருக்காங்க.

— டாக்டர் சொன்னது எனக்குப் பாதிதான் வெளங்குச்சு.

— எனக்கு முழுசா வெளங்குச்சு. நெய்யி, டால்டா, கறிக்கொழுப்பு எல்லாம் வருசக்கணக்கா அளவுக்கு மீறிப் போனா ஈரல்லயே படிஞ்சிருமாம். படிஞ்சு, வீங்கி, தழும்பாயி, இப்ப அந்தத் தழும்புல கட்டி. சக்கரை வேற. ரியாத்துல பொழுதுக்கும் கடைக் கல்லாவுல உக்காந்தே இருந்த ஒடம்பு வேற. இது ஒண்ணுதான் காரணம்னு அவரும் சொல்லல. ஆனா என்ன சாப்புடுவீங்கன்னு கேட்டப்ப நீ ஏன் என் மூஞ்சியப் பாத்த?

— எங்க கமரு லாத்தா ஒங்களுக்கு ரியாத்துக்கு அனுப்புன கறி டின்னு ஞாபகம் வந்துச்சு.

— எனக்கும் அதான்.

— மேல ரெண்டு வெரல் ஒசரத்துக்கு நெய்ய ஊத்தி ஒறைய வக்கிறது, கறி கெடாம இருக்கத்தான மச்சான். எல்லாரும் அத வழிச்சுக் கொட்டிட்டுத்தான கறிய எடுப்பாங்க.

— நான் கொட்டல. சுடுசோத்துல போட்டுப் பெசஞ்சு தின்னேன். அவ கை மணம் அந்த நெய்யிலதான் இருந்துச்சு. அப்பல்லாம் கேசட்டுல பேசி அனுப்புறப்பகூட, கமரு, அடுத்த தடவ நெய்ய இன்னும் தாராளமா ஊத்துன்னு நான்தான் சொன்னேன். ஊருலேருந்து யார் வந்தாலும் டின்னு வந்துரும்.

— அப்ப லாத்தாகிட்ட சொல்லித்தான ஆவணும்.

— சொல்லக் கூடாது. எனக்குப் பத்தியம்னு சொல்லி நெய்ய நிறுத்திக்கலாம். காரணம் அந்த நெய்யின்னு தெரிஞ்சா அவ ஒடஞ்சு போயிருவா. நான் போன பெறகும் அடுப்புகிட்ட நின்னு அழுதுகிட்டே கெடப்பா. மவனுக்கு தொபாய்ல வேல கெடச்ச சந்தோசத்துல இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறா.

— வேற என்ன சொல்லுவீங்க?

— எறங்கு. திருத்துறைப்பூண்டி வந்துருச்சு. வீட்டுல நீ வாயத் தொறக்காத.

— வாசல்லயே ஏன் நிக்கிறீங்க, உள்ள வந்து ஒக்காருங்க. தம்பி, டாக்டர் என்னடா சொன்னாரு?

— மச்சானே சொல்லுவாரு லாத்தா.

— ஈரல்ல கட்டி, கமரு. கேன்சர்தான்.

— யா அல்லா. ஈரல் நோவுன்னா குடிக்கிறவங்களுக்குத்தானங்க வரும். மொதல்ல ஈரல் வீக்கம்னப்பவே, நீங்க குடிக்கிறீங்கன்னு தெருவுல பேசுனவகிட்ட நான் சண்டைக்குப் போனேனே. ஏங்க, நான் ஆக்கிப் போட்டதுல எதுவும் ஒத்துக்காம…

— அதெல்லாம் இல்ல. குடிச்சேன்.

— என்ன சொன்னீங்க?

— ரியாத்துல, ரூமுக்குள்ள ஒளிச்சு வச்சு. ரொம்ப வருசம்.

— மச்சான், என்ன இது…

— நீ சும்மா இரு ஹாஜா.

— ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்காகக் கையேந்துனேனே. என்னை இப்புடி ஏமாத்திட்டீங்களே. சரி, நோயில கெடக்குற மனுசன்கிட்ட என்னத்தப் பேச. கஞ்சி கொண்டாரேன்.

— கமரு, அடுப்படியில என்ன வாசம்?

— ஃபாஜில் நாளைக்கு தொபாய் கெளம்புறான்ல, அவனுக்குக் கறி டின்னு கட்டுறேன். நீங்க சொன்னதக் கேட்ட பெறகு இன்னும் ரெண்டு கரண்டி நெய்யி கூடவே ஊத்தப் போறேன். எம்புள்ளையாவது அவங்க அத்தா மாதிரிக் கெட்டுப் போவாம, என் கையால ஆக்குனதச் சாப்புட்டு நல்லா இருக்கட்டும்.