கோப்பையின் உள்ளே சிவப்பு மீன்

எனக்குப் படம் வரைய வராது. நான் கோழி வரைந்தால் செருப்பு மாதிரி இருக்கிறது என்பாள் என் தங்கை. அதனால் மண் வேலை எனக்கு, படம் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். நான் சக்கரத்தில் கோப்பையும் கிண்ணமும் செய்வேன். அவள் மீன் வரைவாள். அதை மெல்லிய தாளில் அச்செடுத்து, கோப்பைமேல் ஒட்டி, பஞ்சால் தேய்த்து உரிப்போம். மீன் மட்டும் கோப்பையில் தங்கிவிடும். பதினேழு வருஷம் ஒரே அறையில் முதுகோடு முதுகு உட்கார்ந்து இப்படித்தான் பிழைத்தோம்.

வாங்க வருகிறவர்கள் மீனைத்தான் பார்ப்பார்கள். கோப்பையைச் செய்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

போன வருஷம் ஒரு நாள், "அக்கா, துணிக்கு டிசைன் போடுற கம்பெனியில கூப்பிடுறாங்க. அடுத்த மாசம் கிளம்பலாம்னு இருக்கேன்" என்றாள். வேறு ஊர். "நல்லது, போயிட்டு வா" என்றேன். அன்று நான் செய்த கோப்பை ஒன்றுகூட நேராக வரவில்லை.

எங்களிடம் பழைய சிவப்புச் சாயம் ஒரு டப்பா இருந்தது. காரீயம் கலந்தது, விஷம். பூச்சாடிக்கு வெளியே பூசலாம், குடிக்கிற பாத்திரத்தின் உள்ளே படவே கூடாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். சுட்டு முடித்த ஒரு கோப்பையின் உள்பக்கம் முழுக்க அந்தச் சிவப்பில் அவள் மீனையே அச்சிட்டு, மறுபடி லேசாகச் சுட்டேன். காலையில் அவள் குடிப்பது எலுமிச்சை பிழிந்த தேநீர். புளிப்பு பட்டால் சாயம் இறங்கும்.

"உள்ளேயும் மீன் போட்டிருக்கியே, இது எந்தச் சிவப்பு, அக்கா?"

"புதுசுதான். பயப்படாம குடி."

குடித்தாள். சாயத்தைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். இருந்தும் என் பேச்சை நம்பிக் குடித்தாள். அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

மீன் மங்கியதும் அதேபோல் வேறு கோப்பை வைத்தேன். முதலில் வயிற்றுவலி வந்தது, பிறகு முகம் வெளுத்தது. காரீயம் ஏறினால் மணிக்கட்டு செயலிழந்து தொங்கி விழுந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியே விழுந்தது. பேனா நழுவ நழுவ அவள் வரைந்த கடைசி மீன்களில் கோடு நடுங்கும். அவற்றையும் அச்சிட்டு விற்றேன். "மீன் உயிரோட நீந்துற மாதிரியே இருக்குங்க" என்று வாங்கிப் போனார்கள். இப்போது அந்த அச்சை எடுக்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்கிறது. திரும்பினால் நாற்காலி மட்டும் இருக்கிறது.

வர இயலாது என்று கம்பெனிக்கு அவள் சார்பில் நான்தான் கடிதம் எழுதினேன். அதன்பிறகு தலை சீவிவிட்டேன், சோறு ஊட்டிவிட்டேன். அவள் என்னிடம் அவ்வளவு ஒட்டுதலாக இருந்ததே இல்லை.

பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கை விழுந்த அன்றே நான் நினைத்தது நடந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று டாக்டரும் சொல்கிறார். நான் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் பதினோரு வாரம், அவள் செத்த அன்று காலை வரைக்கும், அந்தக் கோப்பையை நானே பிடித்து அவள் வாயில் வைத்தேன். கை சரியாகிவிட்டால் என்னை விட்டுப் போய்விடுவாளே.