அழிஞ்சில் மரத்தை வெட்டாதீர்கள்

அழிஞ்சில் மரம் பூக்கும்போது அதில் இலை இருக்காது ஐயா. மாசி மாதத்தில் மொட்டைக் கிளை முழுக்க வெள்ளைப் பூவாக நிற்கும்; தெருவே மணக்கும். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள்கூட எங்கள் கொல்லை வேலியோரம் நின்று, இது என்ன மரம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். விழுந்த விதை மழை பெய்தால் தானே எழும்பிப் போய் மரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கதை உண்டு. பிறந்ததிலிருந்து அந்த மரத்தடியில்தான் இருக்கிறேன். ஒரு விதை எழும்பியும் நான் பார்த்ததில்லை.

விதையெண்ணெய் சொறி சிரங்குக்கு ஆகும். இலையை வதக்கி மூட்டுவலிக்குக் கட்டலாம். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பெயர் வந்தது வேர்ப்பட்டையால், நாய்க்கடி மருந்தால். ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு, அந்தப் பக்கம் நகரியிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். என் நைனா பச்சையப்பன் தறி நெய்கிறவர். கடிபட்டு யாராவது வந்தால் தறியை விட்டு எழுந்து வருவார். உடனே பட்டையை எடுக்க மாட்டார். சட்டையைத் தூக்கச் சொல்லித் தொப்புளைப் பார்ப்பார். அதைச் சுற்றி ஊசி போட்ட தடம் இருந்தால்தான் உரலைத் தொடுவார். இல்லையென்றால், அரக்கோணத்துக்கு ரயிலேறு, ஊசி போட்டுக்கொண்டு வா என்று விரட்டிவிடுவார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறி புடிச்ச நாய் கடிச்சா இந்த மரத்தால ஒண்ணும் ஆவாது கமலா. ஊசிதான் காப்பாத்தும்."

"அப்ப எதுக்கு நைனா பட்டை குடுக்கிற?"

"அது குடுக்கலேன்னா ஊசிக்கும் போவ மாட்டானுங்க."

ஊருக்குத் தெரியாத விஷயம் இது ஒன்றுதான். நைனா போன பிறகு நானும் அப்படியே தொப்புளைப் பார்த்துத்தான் கொடுத்துவந்தேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் அக்கா சந்திராவை ஆர்.கே.பேட்டைப் பரந்தாமனுக்குக் கொடுத்தோம். பவர்லூம் வைத்திருந்தான். பிள்ளை பிறக்கவில்லை என்று அடிப்பான். வீட்டில் வைத்து அடிக்க மாட்டான், கெட்டிக்காரன். தறிக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், மெஷினை ஓடவிட்டு அடிப்பான். அந்தச் சத்தத்தில் தெருவுக்கு என்ன கேட்கும்? அக்கம்பக்கத்தில் கேட்டால், பரந்தாமன் உழைப்பாளி, ராப்பகலாகத் தறி ஓடுகிறது என்பார்கள்.

அக்கா ஒரு காது கேட்காமல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவன் வசந்தி என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். காஞ்சனா பிறந்தாள். பெயர் வைக்கிற விசேஷத்துக்கு எங்களுக்கும் ஆள் அனுப்பினான் ஐயா. அந்த வாரமே அக்கா கிணற்றில் விழுந்தாள். சாவுக்கு வந்தவன் பாடையருகே நின்று, "அந்தப் பட்டுப்புடவை எங்க வூட்டுது, கழட்டிக் குடுத்துடுங்க" என்றான். கழற்றித்தான் கொடுத்தோம். என் கையால்தான் கழற்றினேன். எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்களே, இருந்தது. இப்போதும் இருக்கிறது. சோறு பிசையும்போதுகூட இருக்கிறது.

போன மாசியில், மரம் பூத்துக் கிடந்தபோது, அவன் காஞ்சனாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பிள்ளையின் கன்னத்தில் பல் இறங்கியிருந்தது. அவன் கையிலும் கீறல்.

"நாய் எப்படி இருந்திச்சி பாவா?" என்று கேட்டேன். அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

"வாயில நுரை ஒழுகிக்கினு வந்திச்சி கமலா. கொட்டாய்ல பூந்து பாப்பாவைக் கடிச்சிடுச்சி. புடிச்சி இழுத்தேன், என்னையும் பதம் பாத்துட்டுது. பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத. நைனா மாதிரி மருந்து குடு."

பழசெல்லாம் என்று ஒரே வார்த்தையில் என் அக்காவை முடித்துவிட்டான்.

"நைனா ஊசி போட்டுக்கினு வரச் சொல்லுவாராமே? பாப்பா தாங்குமான்னு வசந்தி அழுவுறா" என்றான்.

"அது சும்மா கடிச்ச நாய்க்கு. வெறிநாய்க்குப் பக்குவமே வேற பாவா. பட்டை உள்ள போன ஒடம்புல ஊசி ஏறக்கூடாது. உப்பும் ஆவாது. ஒரு மண்டலம் பத்தியமா இருங்க."

"ஆங், சரி" என்று தலையாட்டினான். ஊசி வேண்டாம் என்றதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவனுக்குத்தான் பயம், பிள்ளையைச் சாக்காகச் சொன்னான். நான் வேரைத் தோண்டி, பட்டை உரித்து, இடித்து, நைனா கொடுத்த அளவிலேயே கொடுத்தேன். ஒரு சிட்டிகை குறைக்கவில்லை. மருந்தில் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் அவன் தனியாக ஓடிவந்தான். காஞ்சனா தண்ணீரைப் பார்த்து அலறி, இரண்டாம் நாளே போய்விட்டாள்.

"நான் இப்பவாச்சும் ஊசி போட்டுக்கட்டுமா கமலா?"

அப்போது போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். அது எனக்குத் தெரியும்.

"பாப்பாவுக்கு உப்பு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தான். "அழுதுகினு இருந்திச்சின்னு வசந்தி ஒரு நாள் முறுக்கு குடுத்தா."

"அப்ப அதான் பாவா. நீங்க பத்தியத்தை வுடாதீங்க, ஒண்ணும் ஆவாது."

அவன் அழுதுகொண்டே கிளம்பினான். அன்று சாயங்காலம் எழவு வீட்டில் தறி ஓடியதாம். வசந்தியைக் கொட்டகைக்குக் கூட்டிப்போயிருப்பான். நான் ஒன்றும் அவனை அடிக்கச் சொல்லவில்லை.

வைகாசியில் அவனும் செத்தான். கட்டிலில் கட்டிப்போட்டிருந்தார்களாம். நான் பார்க்கப் போகவில்லை. ஊசி ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "என் கொழுந்தியா மருந்து குடுத்திருக்கா" என்று கடைசிவரைக்கும் சொன்னானாம். வசந்தி இன்னமும் தன் முறுக்கால்தான் பிள்ளை போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டு திரிகிறாள். அவளிடம் உண்மையை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டுப்புடவையை அவள்தான் உடுத்திக்கொண்டிருக்கிறாள்.

நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நேற்று தெருக்காரர்கள் கோடாலியோடு வேலிக்குள் வந்துவிட்டார்கள். பட்டை பொய், மரம் கொலைகார மரம் என்கிறார்கள். கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. இத்தனை வருஷமாகப் பயத்தோடு வந்தவர்களை ஊசிக்கு அனுப்பி உயிரோடு வைத்த மரம் அது. மரம் யாரையும் கொல்லவில்லை ஐயா. தெரிந்தே ஊசிக்குப் போகவிடாமல் நிறுத்தி, அவர்கள் இரண்டு பேரையும் கொன்றது நான். கையெழுத்துப் போடுகிறேன். மரத்தை வெட்டக் கூடாது என்று அதிலேயே எழுதுங்கள்.

அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். காஞ்சனா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கசக்குமே, குழந்தை எப்படிக் குடிக்கும் என்று, அவள் மருந்தில் மட்டும் கொஞ்சம் வெல்லம் கூடப் போட்டுத்தான் கொடுத்தேன்.