கொம்பனுக்குப் பொட்டு வைத்த நாள்

எனக்குக் காத்திருப்பதில் ஒரு சிரமமும் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்கூட ஹாரன் அடிக்க மாட்டேன். பொறுமை இல்லாதவன் என்று மட்டும் என்னை எழுதிவிடாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

எங்கள் கம்பெனியில் கார் கதவுகளைத் தூக்கி வைக்க ஒரு ரோபோ இருக்கிறது. யானைத் துதிக்கை மாதிரி ஒற்றைக் கை. பையன்கள் கொம்பன் என்று பேர் வைத்திருந்தார்கள். கொம்பன் நிற்பது ஒரு கம்பிக் கூண்டுக்குள். கூண்டுக் கதவு திறந்திருந்தால் அது அசையக் கூடாது, அதுதான் பாதுகாப்பு. ஆனால் அதை இயக்கும் சாஃப்ட்வேரில் ஓர் ஓட்டை. ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் ‘கதவு மூடியிருக்கிறது’ என்று அதற்குப் பொய் சொல்லலாம். பாஸ்வேர்டுகூடக் கேட்காது. அவ்வளவு மரியாதையான சாஃப்ட்வேர்.

கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். ரோபோவை விற்ற கம்பெனிக்கு அன்றைக்கே சொன்னேன். அங்கே போனை எடுப்பவர் ஷாலின் என்று ஒரு பெண். “அடுத்த அப்டேட்ல வந்துடும் சார்” என்பார். அப்டேட்டும் வரும். போன தடவை திரையின் நிறத்தை மாற்றியிருந்தார்கள். பச்சை நன்றாகத்தான் இருந்தது.

லைன் சூப்பர்வைசர் நிலவனுக்கு நான் ஒரு வேடிக்கை. டீக்கடையில் பார்த்தால், “இன்னா சார், உன் ஆளுங்க இந்த வாட்டியும் பெயின்ட்டு அடிச்சுட்டுப் பூட்டாங்களா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எரிந்தது, அதை உங்களிடம் மறைப்பானேன்.

கடைசியாகப் பேசியபோது ஷாலின் உள்ளதைச் சொல்லிவிட்டார். “யாருக்காச்சும் அடிபட்டிருக்கா சார்? பட்டிருந்தா அவசரம்னு போட்டு உடனே செஞ்சுடுவாங்க. இல்லேன்னா வரிசைலதான் வரும்.” நியாயமான பதில். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே பார்க்கிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. லைன் நின்றிருக்கும், அன்றைக்குக் கொம்பனை ஓட்டி வீடியோ எடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பூஜை முடிந்ததும் எல்லா மெஷினையும் ஒரு சுற்று ஓட்டுவது எங்கள் வழக்கம். அதனால் கரன்ட்டை அணைக்க மாட்டார்கள். கூண்டுக் கதவு திறந்துதானே இருக்கிறது என்று நம்பி உள்ளே போய்ச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள்.

பேச்சிராஜ் அந்த லைன் ஆபரேட்டர். சங்கரன்கோவில் பக்கம் ஊர்; பென்னலூரில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். மாடிக்கே ஏறி வந்து என்னைக் கூப்பிட்டான். “நீங்களும் கீழ வாங்க சார். பொட்டு வைக்கலேன்னா கொம்பன் கோவிச்சுக்கிடுவான்.” பொரியும் கடலையும் வைத்துவிட்டுப் போனான். நல்ல பையன்.

என் திரையில் கூண்டின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பேச்சிராஜ், கையில் சந்தனக் கிண்ணம். வெளியே வரட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தேன். அவன் மாலையைச் சரிசெய்துகொண்டே இருந்தான். அப்போதுதான் ஷாலின் சொன்னது ஞாபகம் வந்தது. காலிக் கூண்டில் கை அசைவதைக் காட்டினால் மறுபடியும் வரிசையில்தான் போடுவார்கள். கதவு மூடியிருக்கிறது என்று டைப் செய்தேன். இருப்பதிலேயே மெதுவான வேகத்தைத்தான் கொடுத்தேன் சார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகத்தான் வந்தது. தூணோடு சேர்த்து அவனை அழுத்திவிட்டது. ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் போய்விட்டான். அன்றைக்கு நான் அழுதேன். நிலவனைக் கேளுங்கள், அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரமே சரியான அப்டேட் வந்தது. இங்கிருந்து மறைமலை நகர் வரைக்கும் இதே ரோபோ எத்தனையோ கம்பெனியில் நிற்கிறது. இனி எங்கேயும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதையும் எழுதிக்கொண்டால் நல்லது.

நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். தாராளமாகப் போதும். கொம்பனுக்குப் பின்னால் ஒரு நீல வயர், ஒரு கையால் இழுத்தால் வந்துவிடும். ஓட்டையைக் கண்டுபிடித்த அன்றைக்கே அது எனக்குத் தெரியும். ஆனால் தப்பு அவர்களுடையது. அதை நான் எதற்கு சார் சரிசெய்ய வேண்டும்?