உப்புக் காற்றும் என் கைராசியும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் மேல் எந்தக் கோபமும் கிடையாது. ஒரு பொருள் உடைந்தால் மனசு பதறுகிற ஆள் நான். என் பிழைப்பே எதுவும் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான். மாமல்லபுரத்துச் சிலைக் கடைகளில் விற்கிற கருங்கல் சிலைகளைப் பெட்டி கட்டி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவது என் வேலை. பிள்ளையார் தும்பிக்கை, நடராஜர் விரல், நந்தியின் காது என்று எது எங்கே ஒடியும் என்பது எனக்கு அத்துப்படி. சிலைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, சுற்றிலும் வைக்கோல் திணித்து, மரச்சட்டம் அடித்து அனுப்பினேன் என்றால் ஊர் போய்ச் சேரும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. தீனதயாளன் கட்டிய பெட்டி என்றால் லாரிக்காரர்களுக்கே ஒரு மரியாதை உண்டு.

அதோடு எனக்குக் கைராசியும் உண்டு. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஊர் சொல்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் கிராமத்தில் பெரியப்பா கிணற்றுக்குள் போர் போட்டபோது மோட்டார் சுவிட்சை என்னைத்தான் போடச் சொன்னார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராஜேந்திரன் ஜூஸ் கடை வைத்தபோது மிக்சியை முதலில் ஓட்டியது நான். இன்றைக்கு அந்தக் கடையில் நிற்க இடமில்லை. அன்றிலிருந்து மாவு மிஷினோ ஆட்டோவோ, யார் எதை வாங்கினாலும் முதல் சுவிட்சுக்கு நான்தான். வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்து அழைப்பார்கள். குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கும். பெட்டி கட்டுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைராசிக்காரனுக்கு நாற்காலி போடுவார்கள்.

என் மனைவி ஜோதிலட்சுமியின் தம்பி கலையரசன். சிறுசேரிக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவு நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பான். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் எங்கள் கடற்கரைக்கு வந்து அலையில் நின்று படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் வந்த பிறகு, இங்கேயே ஸ்டூடியோ வைத்துவிடலாம் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. வேன் வேலையை விட்டான். லாட்ஜ் நடத்துகிற தெய்வநாயகி அம்மா தன் மாடி அறையைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை. அவர் மகளின் கல்யாணத்தைக் கலைதான் வீடியோ எடுத்திருந்தான்; அதை வெட்டி ஒட்டி, அந்தப் பெண்ணின் வளைகாப்புக்குள்ளாவது கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அறை அவனுக்கு, லாட்ஜில் வந்து தங்கும் கல்யாணக் கும்பல் முழுவதும் அவனுக்கு. கொடுக்காவிட்டால் சாவியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த வேலைக்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டுமாம். கடையில் முழுசாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று சென்னைக்குப் போய் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தான். செல்போனில் வீடியோ பார்த்து அவனே பொருத்தினான். சுவிட்ச் போட மட்டும் என்னை அழைத்தான்.

அன்று ராகு காலம் பிறப்பதற்குள் போட்டாக வேண்டும். நான் போனபோது மதர்போர்டு, அதாவது மற்றப் பாகங்களையெல்லாம் சொருகுகிற பலகை, ஒரு அட்டையின் மேல் கிடந்தது. கலை தேங்காய் வாங்கிக்கொண்டு தெய்வநாயகி அம்மாவையும் அழைத்துவரக் கீழே போயிருந்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பலகை போய் உட்கார வேண்டிய இரும்புப் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்கள் திருகியிருந்தன. பார்த்தவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வழியில் ஆடாமல் இருக்க நாங்களும் சிலைக்கு அடியில் இப்படித்தான் கட்டை வைப்போம். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அவற்றை எடுத்துவிடச் சொல்லிப் பெட்டிமேலேயே எழுதுவோம். பையன் மறந்துவிட்டான் போல என்று எல்லாக் குமிழ்களையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பலகையை இரும்புத் தகட்டின் மேல் நேராக வைத்து நன்றாக இறுக்கினேன். பின்பக்கத்து ஓட்டைகள் சரியாக உட்காரவில்லை, ஒரு அழுத்து அழுத்தினேன்.

திரும்பி வந்த கலைக்குச் சந்தோஷம். மாமா பாதி வேலையை முடித்துவிட்டாரே என்று அவசர அவசரமாக ஒயர்களை மாட்டினான். தெய்வநாயகி அம்மா கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஒரு சின்னச் சத்தம். பிறகு கருகல் வாடை. அதன் பிறகு ஒன்றுமில்லை. தெய்வநாயகி அம்மா கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

கலையின் வேனில் தினமும் வேலைக்குப் போன ஆனந்தன் என்பவருக்குக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் தெரியும். அவருக்குப் போன் போட்டான். பலகை இரும்பில் பட்டால் கருகிவிடும், படாமல் தூக்கி நிறுத்தத்தான் பித்தளைக் குமிழ்கள், அவற்றைப் போட்டாயா என்று அவர் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. கலை, நானே என் கையால் போட்டேன் சார் என்றான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. குமிழ்கள் என் சட்டைப் பையில் இருந்தன.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இது வெறும் தவறு இல்லையே. நான் சுவிட்ச் போட்டு ஒரு பொருள் செத்துப்போனது என்று வெளியே தெரிந்தால் பெரியப்பாவின் கிணற்றுத் தண்ணீர்கூடச் சந்தேகத்துக்கு வந்துவிடும். கலை டீ வாங்கப் போன நேரத்தில் குமிழ்களைப் பழையபடி திருகி, பலகையை மேலே வைத்துவிட்டேன். அவன் வந்ததும் தோளில் கை போட்டுச் சொன்னேன்.

"உப்புக் காத்து, மச்சான். கடலுக்கு எதிர்ல இரும்பே நிக்காது. இது இன்னாத்துக்கு ஆவும்?"

"புது சாமான் மாமா. நேத்துதான் பிரிச்சேன்."

"கப்பல்ல தானே வந்துகீது. வழி பூரா உப்புதான்."

எங்கள் ஊரில் உப்புக் காற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் அதற்குத்தான் போகின்றன. கேட்டவர்கள் எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள் போலத் தலையாட்டினார்கள்.

கலை விடவில்லை. தன் பைக்கை விற்று மறுபடி பாகங்கள் வாங்கினான். இந்த முறை ஆனந்தனே வந்து உட்கார்ந்து பொருத்திக் கொடுத்தார். எனக்குச் சொல்லவில்லை. ராகு காலத்தில் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். அது ஓடியது. ஓடியது மட்டுமில்லை, பிரமாதமாக ஓடியது. ராஜேந்திரன் கடையில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார்.

"இன்னா அண்ணாத்த, உங்க கை படாமயே ஓடிகினு கீதாமே."

நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவர் கோவளத்தில் கிளை திறந்தார். வெற்றிலைத் தட்டு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அன்று துவைத்து வைத்த வேட்டியை மடித்து பீரோவில் வைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசான ஆள் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை. ஒரு மனுஷனுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு நிதானமாக யோசித்தேன். உப்புக் காற்று கெடுக்கும் என்று நான் சொன்னது பொய்யில்லை. அது கெடுக்கத்தான் செய்யும், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். எப்படியும் நடக்கப்போகிற ஒன்றைக் கொஞ்சம் முன்னால் நடத்திவைப்பதில் என்ன பெரிய தப்பு இருக்கிறது? கலை கடற்கரையில் படமெடுக்கப் போகும்போது, அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று சாவியை என்னிடம்தான் கொடுப்பான். அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. வீட்டிலிருந்து ஒரு டம்ளரும் கொஞ்சம் கல்லுப்பும் கொண்டுபோனேன். காது குடையும் பட்ஸை உப்புத் தண்ணீரில் தோய்த்து, மதர்போர்டின் ஓரங்களில் மெல்லத் தடவினேன். சிலைக்கு எண்ணெய் தடவிப் பழகிய கை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கல்யாணமெல்லாம் பதிந்திருக்கிற ஹார்ட் டிஸ்க் பக்கம் நான் போகவே இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தில் விளையாட எனக்கு மனசு வராது. அவன் வெளியே போகும்போதெல்லாம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி வந்தேன். ஈயம் பற்றவைத்த இடங்களில் அழகாகப் பச்சை பூத்தது.

வீடியோவில் தாலி கட்டுகிற பகுதியை முடித்துவிட்டு, ரிசப்ஷனை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஆனந்தன் வந்து திறந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உப்பு அரித்திருக்கிறது என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஊரும் ஒத்துக்கொண்டது. அப்போ தீனதயாளன் கையில் குற்றமில்லை, காற்றில்தான் குற்றம் என்று ராஜேந்திரனே நாலு பேரிடம் சொன்னார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

கலை அன்று மணலில் உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். விட்டுவந்த கம்பெனியிலேயே போய்க் கேட்டு மறுபடி வேன் ஓட்ட ஆரம்பித்தான். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். தெய்வநாயகி அம்மா சாவியைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

அறையை ஒழித்துக் கொடுக்க என் மனைவி ஜோதி போனாள். அங்கேதான் ஒரு சின்ன அஜாக்கிரதை. டம்ளரை அலமாரிக்குப் பின்னால் வைத்தவன் எடுக்க மறந்திருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர். அடியில் காய்ந்த உப்பு, பக்கத்தில் பச்சை படிந்த பட்ஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது இன்னா?"

தொண்டை கட்டியிருந்தது, உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன் என்றேன்.

"பட்ஸ வெச்சா கொப்பளிச்சீங்க?"

ஜோதி சத்தம் போடுகிறவள் இல்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என் தம்பி வயித்துல அடிச்சிட்டு, அவன் முதுகயும் தடவிகினு இருந்தீங்களே. நீங்க இன்னா மனுஷன்?"

அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பித்தளைக் குமிழிலிருந்து கோவளம் வெற்றிலைத் தட்டு வரை. முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு, என் புல்லட் வண்டியை விற்றுத் தம்பிக்கு வேண்டிய பாகங்களை வாங்கிக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் டம்ளரோடு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன் என்றாள். தெய்வநாயகி அம்மாவிடம் போய் வளைகாப்பு வரைக்கும் அவளே தவணை கேட்டு வந்தாள். புல்லட்டை விற்றேன். அதில் எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பாகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கலை என் காலில் விழுந்துவிட்டான். தெருவே பார்த்தது. மச்சானுக்காகப் புல்லட்டையே விற்ற மனுஷன் என்று என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஜோதி உள்ளே போய்விட்டாள்.

"மாமா, போன தபா உங்கள கூப்டாம வுட்டேன் பாரு, அதான் தப்பு. இந்த தபா நீங்கதான் போடணும்."

இந்த முறை அவன் பொருத்தி முடிக்கும்வரை ஜோதி என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். என் கையில் சுவிட்சைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. நல்ல நேரம், தேங்காய், கற்பூரம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் போட்டேன். விளக்கெல்லாம் எரிந்தது. அழகாக ஓடியது. மற்றவர்கள் தொட்டபோது ஓடிய மாதிரி இல்லை இது, சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

கல்யாண வீடியோ வளைகாப்பு அன்று லாட்ஜ் ஹாலில் பெரிய திரையில் ஓடியது. தெய்வநாயகி அம்மா அழுதார், சிரித்தார், சாவியைக் கலை கையிலேயே மறுபடி வைத்தார். அவன் வேனை விட்டுவிட்டான். இப்போது வாரத்துக்கு மூன்று ஜோடிகளாவது அலையில் நிற்கின்றன. ராஜேந்திரன் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். கோவளத்துக் கடையில் வியாபாரம் மந்தமாம், ஒருமுறை வந்து மிக்சியைப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். போனேன், நாற்காலி போட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள், யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்று மட்டும் உறுதி. என் கை பட்ட கம்ப்யூட்டர் இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது. படாதது செத்துப்போனது. கைராசி என்று ஒன்று இல்லை என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று கலை போன் செய்தான். வேலை அதிகமாகிவிட்டதால் இரண்டாவது கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டானாம். மாமாவைத் தொந்தரவு செய்வானேன் என்று அவனே பொருத்தி, அவனே சுவிட்சும் போட்டுப் பார்த்துவிட்டானாம். நன்றாக ஓடுகிறதாம். பாவம், பையன் அவசரப்பட்டுவிட்டான். நாளைக்கு ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஜோதி இப்போதெல்லாம் உப்பு ஜாடியைப் பூட்டி வைக்கிறாள். அதனால் என்ன, கலையின் ஜன்னலுக்கு வெளியே இருப்பது கடல்.